முதல் கார்பைன் துப்பாக்கி: மாணவரின் வரவுசெலவும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2023-24 கல்வியாண்டில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 3 லட்சத்து 31 ஆயிரத்து 602. வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் அந்த ஆண்டில் சீனாவைப் பின்தள்ளி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. இவர்களோடு, அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இருந்து செல்லும் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கி என்பது காவலர்களின் தோளிலோ கல்லூரி என்.சி.சி. முகாமிலோ மட்டும் கண்ட பொருள். இலங்கையில் இருந்து சென்ற குடும்பங்களுக்கு அது போர்க்கால நினைவு. ஆனால் அவர்கள் குடியேறிய ஊர்கள் பலவற்றில் அதே பொருள், விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையில், மீன்பிடித் தூண்டில்களுக்கு அடுத்த அலமாரியில், விலைச்சீட்டுடன் வைக்கப்பட்டிருக்கிறது. உடன் பயிலும் அமெரிக்க மாணவர் ஒருவர் வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைப்பதும் அங்கு இயல்பான நிகழ்வுதான்.

இவ்வாறு அறிமுகமாகும் முதல் துப்பாக்கி பெரும்பாலும் கார்பைன் வகையைச் சேர்ந்ததாக இருக்கிறது. முந்நூறு டாலர் விலைச்சீட்டைப் பார்க்கும்போது அது மாணவரின் கைக்கு எட்டும் பொருளாகத் தோன்றும். ஆனால் அந்தச் சீட்டில் இருப்பது மொத்தச் செலவில் ஒரு பகுதியே. சிலருக்கோ, விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

கார்பைன் என்றால் என்ன?

நீண்ட குழல் கொண்ட ரைபிளின் குறுகிய வடிவமே கார்பைன். குதிரைமீது அமர்ந்தபடி நீண்ட துப்பாக்கியைக் கையாள இயலாத குதிரைப்படை வீரர்களுக்காக இது முதலில் உருவாக்கப்பட்டது. பின்னர் ஓட்டுநர்கள், பீரங்கிப் படையினர் போன்று துப்பாக்கியை முதன்மைக் கருவியாகக் கொள்ளாத வீரர்களுக்கும் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா தயாரித்த எம்-1 கார்பைன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1941ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட இத்துப்பாக்கி ஏறத்தாழ இரண்டரை கிலோ எடை மட்டுமே கொண்டது. போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் அதிகமானவை தயாரிக்கப்பட்டன.

எடை குறைவு, நீளம் குறைவு, தோளில் பதித்துச் சுடுவதால் கைத்துப்பாக்கியை விடக் குறி தவறுவதும் குறைவு. புதிதாகப் பழகுவோர் கார்பைனை நாடுவதற்கு இவையே காரணங்கள்.

ஆனால் எவ்வளவு குறுகலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறையுமானால், அது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அத்தகைய துப்பாக்கிக்கு முன்னனுமதியும் பதிவும் கட்டாயம். நெடுங்காலம் வசூலிக்கப்பட்ட 200 டாலர் வரி 2026 ஜனவரியில் நீக்கப்பட்டதே தவிர, பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. உதிரிப் பாகங்களை மலிவாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் மாணவர்கள், அறியாமலேயே இந்த எல்லையைத் தாண்டிவிடும் ஆபத்து உண்டு.

விசாவில் இருப்போர் முதலில் அறிய வேண்டியது

எஃப்-1 மாணவர் விசா, எச்-1பி வேலை விசா போன்றவை குடியேற்றம் சாராத விசாக்கள் எனப்படுகின்றன. இத்தகைய விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. 1998ஆம் ஆண்டு முதல் இத்தடை நடைமுறையில் இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவது மட்டும் இதில் அடங்கவில்லை. சுடுதளத்தில் சில நிமிடங்கள் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் சட்டத்தின் பார்வையில் உடைமையே.

இத்தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. மாணவர்களைப் பொறுத்தவரை முக்கியமானது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம். காலாவதியாகாத வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இத்தடை பொருந்தாது. உரிமம் காலாவதியாகும் நாளிலேயே விதிவிலக்கும் முடிந்துவிடும். பல மாநிலங்களில் இந்த உரிமத்தைப் பெறுவதற்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

சட்டபூர்வமான அந்தஸ்தை இழந்தவர்களுக்கோ இந்த விதிவிலக்கும் கிடையாது. அதன் விளைவு எத்தகையது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ரெஹைஃப் என்ற மாணவர் புளோரிடா மாநிலத்தில் பயின்றுவந்தார். மதிப்பெண்கள் குறைந்ததால் பல்கலைக்கழகத்தில் இருந்து நீக்கப்பட்டார். வேறு கல்வி நிலையத்துக்கு மாறாவிட்டால் குடிவரவு அந்தஸ்து முடிவுக்கு வரும் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியேறவில்லை. பின்னர் ஒரு சுடுதளத்துக்குச் சென்று இரண்டு துப்பாக்கிகளால் சுட்டார். இதற்காகக் கைதான அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தான் தடை செய்யப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் எனக் கூறி, 2019 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆயினும் தடையை அது அகற்றவில்லை. 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், தடை செய்யப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்தால் விதிக்கப்படக்கூடிய அதிகபட்ச தண்டனையை 15 ஆண்டுகளாக உயர்த்தியது. துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டாலே, நிரந்தர வதிவுரிமை பெற்றவர் உட்பட, குடியுரிமை இல்லாத எவரையும் நாடுகடத்தக் குடிவரவுச் சட்டம் இடமளிக்கிறது.

விசாவில் இருப்பவருக்காக நண்பர் ஒருவர் தம் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் தீர்வாகாது. கடையில் நிரப்பப்படும் 4473 என்ற படிவம், உண்மையில் வாங்குபவர் யார் என்று கேட்கிறது. அதில் பொய்யுரைப்பது கடுமையான குற்றம். பிறருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவதற்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

வயதும் மாநிலமும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களும், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் வேறு தடைகள் இல்லையெனில் துப்பாக்கி வாங்கலாம். 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் ரைபிளும் கார்பைனும் வாங்க 18 வயதும், கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். கல்லூரியில் நுழையும் வயதில் கடையில் வாங்கக்கூடிய துப்பாக்கியாகக் கார்பைன் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வயது எல்லையே இன்று அந்நாட்டில் பெரும் சர்ச்சைக்குரியதாக இருக்கிறது. 2018இல் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியிலும், 2022இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியிலும் நடந்த படுகொலைகளில் ஈடுபட்டவர்கள் 18 வயது நிரம்பியதும் கடையில் முறைப்படி வாங்கிய ஏஆர் வகைத் துப்பாக்கிகளையே பயன்படுத்தினர். பார்க்லாந்து சம்பவத்துக்குப் பின்னர் புளோரிடா வயது வரம்பை 21 ஆக உயர்த்தியது. வாஷிங்டன் மாநிலம் 2019இல் அரைத் தானியங்கி ரைபிள்களுக்கு இதே வரம்பை விதித்தது. நியூயார்க் 2022இல் அவ்வகைக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கியது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வாங்கும்போது, பின்னணிச் சோதனையை 10 வேலை நாட்கள் வரை நீட்டிக்க 2022ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வழி செய்தது.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறுகின்றன. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கி உடைமையாளர் அடையாள அட்டை வேண்டும். 2023 ஜனவரியில் இருந்து ஏஆர் வகைத் துப்பாக்கிகளின் விற்பனை அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் நியூஜெர்சியில் வாங்குவோருக்கு அனுமதி அட்டை தேவை. அம்மாநிலம் 1990இல் வகுத்த தடைப்பட்டியலில், உலகப்போர்க்கால எம்-1 கார்பைன் வகையே இடம்பெற்றிருக்கிறது. டெக்சாஸில் படிக்கும்போது முறையாக வாங்கிய துப்பாக்கியுடன் நியூஜெர்சிக்கு வேலை மாறிச் செல்பவர் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம் என்பது இதன் பொருள். அடிக்கடி இடம்பெயரும் மாணவர்கள் இப்போது வாழும் மாநிலத்தின் சட்டத்தோடு, அடுத்துச் செல்லக்கூடிய மாநிலத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை வரிசை

சட்டத் தகுதி உள்ள ஒரு மாணவர் கடையில் காணும் மலிவான கார்பைன்களை நான்கு பிரிவாக வகுக்கலாம். கீழே தரப்படும் விலைகள் தோராயமானவை. ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறக்கூடியவை.

முதலாவது, பாயின்ட் 22 எனப்படும் சிறு தோட்டாவைச் சுடுபவை. 1964ஆம் ஆண்டு அறிமுகமான ரூகர் 10/22 கார்பைன் இவற்றில் மிகவும் பரவலானது. பத்துத் தோட்டாக்கள் கொண்ட சுழல் மேகசின் இதன் அடையாளம். விலை 300 டாலரை ஒட்டியது. பின்னுதைப்பு மிகக் குறைவு. உதிரிப் பாகங்களும் எங்கும் கிடைக்கும்.

இரண்டாவது, கைத்துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுபவை. ஹை-பாயின்ட் நிறுவனத்தின் கார்பைன் 300 முதல் 400 டாலருக்குள் கிடைக்கும். கனமானது, அழகற்றது என்று குறை கூறப்பட்டாலும் மலிவானது. இரண்டாக மடியும் கெல்-டெக் நிறுவனத்தின் சப்-2000 இதைவிடச் சற்று விலை கூடியது. இரண்டாகக் கழற்றக்கூடிய ரூகர் பிசி கார்பைன் அதற்கும் மேல்.

மூன்றாவது, ஏஆர்-15 வகை. இவ்வடிவமைப்பின் முக்கியக் காப்புரிமைகள் 1970களில் காலாவதியானதால் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. போட்டியின் காரணமாகத் தொடக்க நிலைத் துப்பாக்கியின் விலை 500 முதல் 700 டாலருக்குள் நிற்கிறது. ஆனால் அதிக மாநிலங்களில் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாகியிருப்பதும் இதுவே.

நான்காவது, நெம்புகோலை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் பழைய பாணிக் கார்பைன்கள். அரைத் தானியங்கிகளுக்கான பெரும்பாலான தடைகள் இவற்றுக்குப் பொருந்துவதில்லை. மான் வேட்டைக்குரிய பெரிய தோட்டா வகைகளின் விலை 700 டாலருக்கு மேல் செல்கிறது. பாயின்ட் 22 நெம்புகோல் கார்பைன் 400 டாலரை ஒட்டிக் கிடைக்கும்.

ராணுவ உபரியாக வந்த பழைய துப்பாக்கிகளே மாணவர்களுக்கு உகந்தவை என்ற எண்ணம் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. சோவியத் வடிவமைப்பான எஸ்கேஎஸ் கார்பைன் 1990களின் தொடக்கத்தில் 100 டாலரை ஒட்டி விற்கப்பட்டது. 1994இல் சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தது. இன்று நல்ல நிலையில் உள்ள எஸ்கேஎஸ் ஒன்று 500 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ விலை போகிறது. உண்மையான எம்-1 கார்பைனின் விலை 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. பழைய எஸ்கேஎஸ் வாங்குவோர், சேமிப்பின்போது பூசப்பட்ட கெட்டியான எண்ணெயை முற்றிலும் அகற்றிய பின்னரே சுட வேண்டும். சுடும் ஊசி அந்தப் பிசுக்கில் சிக்கிக்கொண்டால், விசையை அழுத்தாமலேயே தோட்டா வெடிக்கக்கூடும்.

துப்பாக்கியை விடத் தோட்டாவுக்கே செலவு

துப்பாக்கி ஒருமுறை வாங்குவது. தோட்டா ஒவ்வொரு முறையும் வாங்குவது. பாயின்ட் 22 தோட்டா ஒன்றின் விலை ஏறத்தாழ 8 முதல் 10 சென்ட். 9 மில்லிமீட்டர் 25 சென்ட்டை ஒட்டியது. ஏஆர் வகையின் 5.56 மில்லிமீட்டர் தோட்டா 50 சென்ட்டை ஒட்டியது. நெம்புகோல் கார்பைனின் பெரிய தோட்டா ஒரு டாலருக்கும் மேல்.

மாதம் 100 தோட்டா வீதம் பத்து மாதங்களில் 1,000 தோட்டா சுடுவதாகக் கொள்வோம். பாயின்ட் 22க்கு ஆகும் செலவு 100 டாலருக்குள் அடங்கும். 9 மில்லிமீட்டருக்கு 250 டாலர், 5.56க்கு 500 டாலர், பெரிய தோட்டாவுக்கு 1,000 டாலருக்கு மேல். இதனுடன் சுடுதளக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 20 டாலர் என்று வைத்தால் 200 டாலர். காதுக் காப்பு, கண்ணாடி, துப்புரவுக் கருவிகள், பூட்டுப் பெட்டி ஆகியவற்றுக்கு 150 முதல் 200 டாலர் தேவைப்படும்.

ஆக, 300 டாலர் விலைச்சீட்டுடைய பாயின்ட் 22 கார்பைனுக்கு முதலாண்டில் 750 முதல் 800 டாலர் வரை செலவாகிறது. 600 டாலர் ஏஆர் வகைக்கு அது 1,500 டாலரை எட்டுகிறது. பயிற்சி இல்லாத துப்பாக்கி ஆபத்தானது என்பதால், தோட்டாச் செலவைக் குறைத்துக்கொண்டு விலையுயர்ந்த துப்பாக்கியை வாங்குவது மாணவருக்குப் பொருந்தாத கணக்கு. தொடக்கத்துக்குப் பாயின்ட் 22 பரிந்துரைக்கப்படுவதற்குப் பொருளாதாரக் காரணமும் இதுவே. சிறு தோட்டா என்பதால் ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அதுவும் உயிரைப் பறிக்கக்கூடியது.

எங்கே வைப்பது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விடுதி அறையில் துப்பாக்கி வைக்க அனுமதிப்பதில்லை. வேட்டைப் பழக்கம் மிகுந்த பகுதிகளில் உள்ள சில பல்கலைக்கழகங்கள், வளாகக் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து வைக்கும் வசதியை அளிக்கின்றன.

வளாகத்துக்கு வெளியே நான்கைந்து பேர் கூடி வாடகை வீட்டில் வாழ்வதே தமிழ் மாணவர்களின் வழக்கம். ஒரே வீட்டில் குடியுரிமை உள்ளவரும் எஃப்-1 விசாவில் இருப்பவரும் சேர்ந்து வாழக்கூடும். பூட்டப்படாமல் பொது அறையில் இருக்கும் துப்பாக்கி, அதை எடுக்கும் வாய்ப்புள்ள விசாக்காரருக்கும் சட்டச் சிக்கலை உண்டாக்கலாம். பூட்டுப் பெட்டியின் சாவி உரிமையாளரிடம் மட்டும் இருப்பது இருவருக்குமே பாதுகாப்பு.

இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். தேர்வுத் தோல்வி, கடன் சுமை, விசா பற்றிய அச்சம், தனிமை ஆகியவை மாணவர் வாழ்க்கையில் வந்துபோகும். உளச்சோர்வு நிலவும் வீட்டில் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருந்தால், கடந்துபோகக்கூடிய ஒரு நெருக்கடி திரும்ப இயலாத முடிவாகிவிடலாம். தமக்கோ அறைத்தோழருக்கோ அத்தகைய காலம் என்று உணர்பவர்கள், துப்பாக்கி வாங்குவதைத் தள்ளிப்போடுவதும், ஏற்கெனவே இருப்பதை வீட்டில் இருந்து அகற்றி வைப்பதும் உயிர்காக்கும் முடிவுகள்.

கனடாவும் பிரிட்டனும்

புலம்பெயர் தமிழர்கள் மிகுந்த பிற நாடுகளில் நிலைமை வேறு. கனடாவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வாங்கவும் உரிமம் வேண்டும். அதற்குப் பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி அவசியம். முதன்முறை விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. ஏஆர்-15 உட்பட சுமார் 1,500 வகைகள் 2020 மே மாதம் தடை செய்யப்பட்டன. 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் தடைப்பட்டியல் மேலும் நீண்டது. எஸ்கேஎஸ் அப்பட்டியல்களில் சேர்க்கப்படவில்லை.

பிரிட்டனில் 1987ஆம் ஆண்டு ஹங்கர்ஃபோர்ட் நகரில் 16 பேரைக் கொன்றவர் பயன்படுத்திய துப்பாக்கிகளில் எம்-1 கார்பைனும் ஒன்று. அதைத் தொடர்ந்து 1988இல் பாயின்ட் 22 தவிர்ந்த அரைத் தானியங்கி ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. எஞ்சியவற்றை வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழும், ஏற்கத்தக்க காரணமும் வேண்டும். எனினும், உள்துறை அமைச்சின் அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கங்களின் உறுப்பினர்கள், தனிச் சான்றிதழ் இன்றியே சங்கத்தின் துப்பாக்கியால் சுடலாம். பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய சங்கங்கள் இயங்குகின்றன.

வாங்காமலே கற்க வழி

குறிபார்த்துச் சுடும் கலையில் ஆர்வம் உள்ளவர் சொந்தத் துப்பாக்கியுடன்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளிடையே ரைபிள் போட்டிகள் தேசிய அளவில் 1980 முதல் நடைபெறுகின்றன. அதில் ஒரு பிரிவு காற்றழுத்த ரைபிள். வெடிமருந்தால் இயங்காததால், கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறையில் அது துப்பாக்கி ஆகாது. விசாவில் இருப்போருக்கான கூட்டாட்சித் தடையும் அதற்குப் பொருந்தாது. நியூஜெர்சி போன்ற சில மாநிலங்கள் அதையும் துப்பாக்கியாகவே கருதுவதால், மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இது குறைந்த தரத்து மாற்றுவழி அல்ல. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் களமிறங்கியது 10 மீட்டர் காற்றழுத்த ரைபிள் பிரிவில்தான்.

எனவே, முதல் கார்பைனை நாடும் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. என் குடிவரவு நிலை இதை அனுமதிக்கிறதா? நான் வாழும் மாநிலமும், செல்லவிருக்கும் மாநிலமும் அனுமதிக்கின்றனவா? பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? ஓராண்டுத் தோட்டாவுக்குப் பணம் இருக்கிறதா? எந்த நிறுவனத்தின் எந்தத் துப்பாக்கி என்பது ஐந்தாவது கேள்வி. முதல் கேள்விக்கு ஐயமின்றி விடை கூற இயலாதவர், கடைக்கோ நண்பருடன் சுடுதளத்துக்கோ செல்வதற்கு முன்னர் குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசிப்பது நல்லது. அதற்கான கட்டணம், இக்கட்டுரையில் கூறப்பட்ட எந்தச் செலவைக் காட்டிலும் பயனுள்ளதாக அமையக்கூடும்.